டயருக்கு மார்கழிக் காற்று மாத்தியாச்சா? சிரிக்க வேண்டிய டிப்ஸும் சிரிக்கக் கூடாத டயரும்

குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் நாளைக் காலை, 'குட் மார்னிங்' ரோஜாப்பூவுக்கு அடுத்ததாக இப்படி ஒரு மெசேஜ் வந்து விழுகிறது என்று வைத்துக்கொள்வோம்.

"கார் வைத்திருப்போர் கவனத்துக்கு! சீசன் டயர் டிப்ஸ்:

சித்திரை: கத்திரி வெயிலில் டயருக்கு உடம்பு சூடு பிடிக்கும். சனிக்கிழமைதோறும் நல்லெண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டவும்.

ஆடி: அம்மியே பறக்கும் மாதம். வால்வு மூடியைக் கழற்றி வைத்துவிட்டு காரை பைபாஸில் நிறுத்தவும். காற்று தானாக ஏறிக்கொள்ளும். ஆடித் தள்ளுபடியும் உண்டு.

ஐப்பசி: அடைமழையில் நனைந்தால் டயருக்குச் சளி பிடிக்கும். நாலு சக்கரத்துக்கும் ரெயின்கோட் அவசியம். ஸ்டெப்னிக்கு மட்டும் குடை போதும்.

மார்கழி: கோடையில் அடித்த பழைய காற்றை இறக்கிவிட்டு, விடியற்காலை நாலரை மணிக்கு ஓசோன் நிறைந்த புதுக் காற்றை நிரப்பவும். அனைவருக்கும் பகிரவும்!"

இதைப் படித்து யாரும் காரை ஷெட்டுக்கு எடுத்துக்கொண்டு ஓடப் போவதில்லை. நாலு ஸ்மைலி, ஒரு 'செம', அவ்வளவுதான். பனி கொட்டும் நாடுகளிலும் இதே ஜோக் உண்டு. ஷெட்டில் புதிதாகச் சேர்ந்த பையனிடம், "போய் குளிர்காலக் காற்று ஒரு கேன் வாங்கிட்டு வா" என்று அனுப்பிவிட்டுச் சீனியர்கள் சிரிப்பார்கள். இந்த மாதிரி ஜோக்கால் யாருக்கும் ஆபத்தில்லை, ஏனென்றால் அது ஜோக் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஆபத்து, அதே குரூப்பில் அடுத்து வரும் மெசேஜில் இருக்கிறது. "வெயில் காலத்துல காத்து விரியும், டயர் வெடிச்சிடும். அதனால வழக்கத்தைவிட அஞ்சு குறைச்சலா அடிங்க." இதற்கு யாரும் சிரிப்பதில்லை. "பயனுள்ள தகவல், நன்றி அண்ணா" என்று கைகூப்பும் எமோஜி வருகிறது. உண்மையில் மார்கழிக் காற்றைவிடப் பெரிய ஜோக் இதுதான்.

*காஞ்சிபுரத்துக்கு ஒரு நாள் டிரிப்*

இந்தச் சித்திரை, வைகாசியில் காஞ்சிபுரம் காந்தி சாலைக்குப் போனால் இதன் விளைவைக் கண்ணால் பார்க்கலாம். முகூர்த்த சீசன். சென்னையிலிருந்து 75 கிலோமீட்டர் பெங்களூரு நெடுஞ்சாலையில் ஓடிவந்த கார்கள் ஒவ்வொன்றிலும் பொண்ணு, அம்மா, அத்தை, சித்தி, 'கலர் பார்த்துச் சொல்ல' வந்த பக்கத்து வீட்டு அக்கா. ஐந்து சீட் காரில் ஏழு பேர். முகூர்த்தப் புடவை எடுக்க எப்படியும் மூணு மணி நேரம். அதுவரை கார் வெளியே உச்சி வெயிலில் நிற்கும். பிறகு வரதராஜப் பெருமாள், காமாட்சி, ஏகாம்பரநாதர் தரிசனம். கடைசியில் புடவைப் பெட்டிகளும் பிரசாதமும் சேர்ந்துகொள்ள, "இருட்டுறதுக்குள்ள வீடு போய்ச் சேரணும்" என்று நூறில் ஒரு விரட்டு.

சூடு, சுமை, வேகம். டயரைச் சோதிக்கும் மூன்றும் ஒரே நாளில் வந்து சேருகின்றன. நாலாவதாகக் குறைந்த காற்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி.

வேடிக்கை என்னவென்றால், நாட்டிலேயே டயரைப் பற்றி அதிகம் தெரிந்திருக்க வேண்டிய ஊர்களில் ஒன்று இது. பட்டுக்குப் பெயர்போன இதே காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் ஒரகடத்தில் அப்போலோவும், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஜே.கே., சியட் நிறுவனங்களும் டயர் தயாரிக்கின்றன. கொஞ்சம் தள்ளிச் சென்னை திருவொற்றியூரில் 1946-ல் பொம்மை பலூன் செய்யும் சின்னக் கூடமாகத் தொடங்கியதுதான் இன்றைய எம்.ஆர்.எஃப். ரப்பருக்குள் காற்றடிக்கும் வித்தை நமக்குப் புதிதில்லை. ஆனால் எவ்வளவு அடிக்க வேண்டும் என்பதில்தான் இன்னும் குழப்பம்.

*வெயிலில் டயருக்குள் என்ன நடக்கிறது?*

சூடானால் காற்றழுத்தம் கூடும் என்பது உண்மை. அந்த மெசேஜின் பாதி சரி. மீதிப் பாதியில்தான் சிக்கல்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். காருக்குப் பரிந்துரைக்கப்பட்ட அழுத்தம் 33 பி.எஸ்.ஐ. என்று வைத்துக்கொள்வோம். அதிகாலை 28 டிகிரியில் சரியாக 33 அடித்தாகிவிட்டது. நெடுஞ்சாலையில் ஓடி, டயருக்குள் இருக்கும் காற்று 58 டிகிரிக்குச் சூடானால், அழுத்தம் கிட்டத்தட்ட 38-க்கு ஏறும். ஐந்து பி.எஸ்.ஐ. கூடுதல். பயப்பட வேண்டுமா? வேண்டாம். ஓடும்போது இப்படி ஏறும் என்பது தெரிந்துதான், 'குளிர்ந்த டயரில் 33' என்று கார் கம்பெனி சொல்லியிருக்கிறது. அந்த ஏற்றத்தைத் தாங்கும்படிதான் டயரும் செய்யப்பட்டிருக்கிறது.

இப்போது ஒருவர் வழியில் பங்க்கில் நிறுத்தி, மீட்டரில் 38-ஐப் பார்த்துப் பதறி, "அஞ்சை இறக்கிடுங்க தம்பி" என்கிறார். மறுநாள் காலை டயர் குளிர்ந்ததும் அழுத்தம் 33-ல் நிற்காது. 29-க்கு இறங்கிவிடும். அதாவது, வெடிக்கக் கூடாது என்று செய்த காரியத்தால் தினமும் நாலு பி.எஸ்.ஐ. குறைவாக ஓட்டிக்கொண்டிருப்பார். அடுத்த வாரம் மறுபடி சூட்டில் பார்த்து மறுபடி இறக்கினால், இன்னும் கீழே.

காற்று குறைந்தால் என்ன தப்பு? டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி நிமிரும். ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் வளையும் இடம் சூடாகும் இல்லையா, அதேதான். மடங்க மடங்கச் சூடு, சூட்டில் உள்ளே இருக்கும் ரப்பரும் நூல் அடுக்குகளும் தளர்ந்து பிரியும். ஏழு பேர் சுமையோடு நூறில் போகும்போது ஒரு கட்டத்தில் பக்கச் சுவர் கிழியும். 'வெயிலில் காற்று அதிகமாகி வெடித்தது' என்று ஊர் சொல்லும். நடந்தது பல நேரம் நேர் எதிரானது: காற்று குறைவாக இருந்ததால் சூடேறி வெடித்தது.

அதற்காக அளவுக்கு மேல் திணிப்பதும் சரியில்லை. டயரின் நடுப்பகுதி மட்டும் தரையில் உரசித் தேயும், பிரேக் பிடிப்பு குறையும், பள்ளத்தில் விழுந்தால் அடி பலமாக இருக்கும். இதைக் காஞ்சிபுரத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தறியில் பாவு நூல் தொய்ந்தாலும் நெசவு கெடும், அளவுக்கு மீறி விறைத்தாலும் இழை அறும். சரியான விறைப்பு எது என்பது நெசவாளியின் விரலுக்குத் தெரியும். கார்க்காரருக்கு அவ்வளவு சிரமம்கூட இல்லை, எழுதியே ஒட்டியிருக்கிறார்கள்.

எங்கே? டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். சில கார்களில் பெட்ரோல் டேங்க் மூடியின் உள்பக்கம். சாதாரணச் சுமைக்கு ஒரு எண், முழுச் சுமைக்கு ஒரு எண். டயரின் பக்கச் சுவரிலேயே அச்சிட்டிருக்கும் அழுத்தத்தைப் பார்த்து அடிக்கிறவர்களும் உண்டு. அது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, உங்கள் காருக்கான அளவு அல்ல.

*'நைட்ரஜன் போட்டா பிரச்சினையே இல்ல பாஸ்'*

அடுத்த பிரபல டிப்ஸ் இது. நைட்ரஜன் சூட்டில் விரியாது என்று சொல்வார்கள். விரியும். எந்த வாயுவும் சூடானால் அழுத்தம் ஏறும், நைட்ரஜனுக்கு மட்டும் இயற்கை விதிவிலக்கு தரவில்லை. நாம் சுவாசிக்கும் காற்றிலேயே சுமார் 78 சதவீதம் நைட்ரஜன்தான். பங்க்கில் இலவசமாக அடிக்கும் காற்றில் முக்கால்வாசிக்கு மேல் ஏற்கெனவே நைட்ரஜன்.

காசு கொடுத்துப் போடுவதில் சின்ன லாபம் உண்டு. ஈரப்பதம் இருக்காது, கசிவும் கொஞ்சம் மெதுவாக இருக்கும். ஆனால் 'நைட்ரஜன் போட்டாச்சு' என்ற தைரியத்தில் ஆறு மாதம் மீட்டரே வைக்காமல் ஓட்டினால், அந்த லாபம் நஷ்டக் கணக்கில் போய்விடும். டயரில் மாதத்துக்கு ஒன்றிரண்டு பி.எஸ்.ஐ. இயல்பாகவே குறையும். பஞ்சர் ஆகாவிட்டாலும் குறையும்.

*பனிக்கால டயர் நமக்கு வேண்டுமா?*

'குளிர்காலம் வருது, டயர் மாத்துங்க' என்று வெளிநாட்டு வீடியோக்கள் சொல்லும். அங்கே அது ஜோக் இல்லை. வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே போனால் சாதாரண டயரின் ரப்பர் இறுகிப் பிடிப்பை இழக்கும் என்பதால், மென்மையான ரப்பரில் செய்த தனி டயர் போடுகிறார்கள். ஜெர்மனியில் 'ஓ முதல் ஓ வரை' என்று ஒரு வழக்கே உண்டு. அக்டோபர் தொடங்கி ஈஸ்டர் வரை. அவர்கள் மொழியில் ஈஸ்டர் பண்டிகையின் பெயரும் 'ஓ'வில்தான் ஆரம்பிக்கிறது.

காஞ்சிபுரத்தில் மார்கழி விடியற்காலையில் மஃப்ளர் கட்டிய தாத்தாக்களைப் பார்க்கலாம். ஆனால் 7 டிகிரியைப் பார்க்க முடியாது. இங்கே பனிக்கால டயர் போட்டால், அந்த மென்மையான ரப்பர் நம் வெயிலில் சீக்கிரம் தேய்ந்து போகும். ஆகவே அந்த வீடியோவை ரசிக்கலாம், ஃபார்வர்ட் செய்ய வேண்டாம்.

*நம்முடைய சீசன்: ஐப்பசி, கார்த்திகை*

தமிழ்நாட்டில் டயருக்கு உண்மையான பரீட்சை வடகிழக்குப் பருவமழை. சாலையில் நீர் தேங்கி நிற்கும்போது, டயரின் பள்ளங்கள்தான் அந்தத் தண்ணீரை இரு பக்கமும் வாரி வெளியே தள்ளுகின்றன. நம் ஊர் மெக்கானிக் மொழியில் 'பட்டன்'. பட்டன் தேய்ந்திருந்தால் தண்ணீர் போக வழியில்லாமல் டயருக்கு அடியில் படலமாகத் தங்கும். வேகம் கூடினால் கார் சாலையை விட்டுத் தண்ணீரின் மேல் வழுக்கும். அந்தச் சில நொடிகளில் ஸ்டியரிங்கும் வேலை செய்யாது, பிரேக்கும் வேலை செய்யாது.

கார் டயரில் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது விதி. அளப்பதற்கு ஸ்கேல் தேவையில்லை. பள்ளங்களுக்கு நடுவே ஆங்காங்கே சின்ன மேடு ஒன்று இருக்கும். டயரின் மேற்பரப்பு தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால், டயரின் ஆயுள் முடிந்தது. "இன்னும் ஒரு தீபாவளி ஓட்டலாம்" என்பதெல்லாம் மழையிடம் எடுபடாது.

*டயர் வெடித்தால் 'கடவுள் செயல்' ஆகுமா?*

2010 அக்டோபரில் புனேயிலிருந்து மும்பைக்குப் போய்க்கொண்டிருந்த கார் ஒன்றின் பின் டயர் வெடித்தது. கார் பள்ளத்தில் விழுந்தது. அதில் பயணம் செய்த ஒருவர் உயிரிழந்தார். அவர் குடும்பத்துக்குச் சுமார் 1.25 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பாயம் சொன்னது. டயர் வெடித்தது கடவுள் செயல், யாருடைய தவறும் இல்லை என்று காப்பீட்டு நிறுவனம் மேல்முறையீடு செய்தது.

2023-ல் மும்பை உயர் நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. மனிதனால் கட்டுப்படுத்த முடியாத இயற்கைச் சக்திகளால் நேர்வதுதான் கடவுள் செயல், டயர் வெடிப்பு அந்த வகையில் வராது, அது மனித அலட்சியம் என்றது. அதிவேகம், குறைந்த காற்று, அதிகக் காற்று, பழைய டயர், வெப்பம் என்று வெடிப்புக்குப் பல காரணங்கள் இருக்கலாம். பயணத்துக்கு முன் டயரின் நிலையைப் பார்ப்பது வாகனத்தின் பொறுப்பில் இருப்பவரின் கடமை என்பதே தீர்ப்பின் சாரம்.

அது மும்பையில் சொன்ன தீர்ப்பு. ஆனால் அதன் தர்க்கத்துக்கு மாநில எல்லை கிடையாது. நீண்ட நேரம் ஒரே வேகத்தில் ஓட வைக்கும் சாலைகள் நம்மைச் சுற்றியும் வந்துகொண்டிருக்கின்றன. 2022 டிசம்பரில் திறக்கப்பட்ட மகாராஷ்டிராவின் மும்பை - நாக்பூர் சம்ருத்தி விரைவுச்சாலையில் விபத்துகள் தொடர, தேய்ந்த டயரோடு வரும் வண்டிகளை நுழைவாயிலிலேயே சோதித்துத் தடுக்கும் நிலை அங்கே வந்தது. பெங்களூரிலிருந்து வரும் விரைவுச்சாலை நம் ஸ்ரீபெரும்புதூரில்தான் வந்து முடியப்போகிறது. அங்கே பாடம் கற்ற பிறகாவது, இங்கே முதல் நாளிலேயே அந்தச் சோதனை இருக்க வேண்டாமா?

*சாமி தேருக்கே சோதனை உண்டு*

கோயில் நகரத்தில் 'கடவுள் செயல்' என்ற வார்த்தைக்கு மரியாதை அதிகம். ஆனால் கடவுளுடைய வண்டியை இங்கே கடவுள் பொறுப்பில் விடுவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தேரோட்டத்துக்கு முன் சக்கரம், அச்சு, சட்டம் எல்லாவற்றையும் சரிபார்ப்பார்கள். பொதுப்பணித்துறைப் பொறியாளர்கள் பார்த்து உறுதித்தன்மைச் சான்று தருவது வழக்கம். பல ஊர்த் தேர்களுக்குத் திருச்சி பெல் நிறுவனத்தில் செய்த இரும்புச் சக்கரமும் பிரேக்கும் பொருத்தியிருக்கிறார்கள்.

வருஷத்துக்கு ஒருமுறை, ஆமை வேகத்தில், நாலு வீதி மட்டும் சுற்றுகிற வண்டிக்கு இத்தனை முன்னெச்சரிக்கை. தினமும் எண்பதிலும் நூறிலும் பறக்கிற வண்டிக்கு, உதைத்துப் பார்த்து "காத்து இருக்கு, போலாம்" என்பதோடு சோதனை முடிந்துவிடுகிறது. இன்றைய டியூப்லெஸ் டயரில் காற்று பத்து குறைந்தாலும் உதைக்கிற காலுக்குத் தெரியாது.

*எலுமிச்சம்பழம் வைக்கும்போது குனிகிறோமே...*

தமிழ்நாட்டில் டயருக்கென்று ஏற்கெனவே ஒரு சீசன் சடங்கு இருக்கிறது: ஆயுத பூஜை. காஞ்சிபுரத்தில் தறிக்கும் நாடாவுக்கும் பொட்டு வைக்கும் அதே நாளில், வாசலில் நிற்கும் காருக்கும் குளியல், சந்தனம், மாலை. நாலு டயருக்கடியிலும் எலுமிச்சம்பழம். தமிழன் தன் டயருக்குப் பக்கத்தில் குனிந்து உட்காரும் நாள் வருஷத்தில் அது ஒன்றுதான்.

காலண்டரைப் பார்த்தால், அந்த நாள் அமைந்திருக்கும் இடம் கச்சிதமானது. ஆயுத பூஜை புரட்டாசி, ஐப்பசியில் வருகிறது. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாவது வாரத்தில் தொடங்குகிறது. மழைக்கு முன் டயரைச் சோதிக்க இதைவிட நல்ல நாள் கிடைக்காது. பழம் வைக்கக் குனிகிற அதே நேரத்தில் பட்டனையும் பார்த்துவிட்டால், சடங்கும் ஆயிற்று, சர்வீஸும் ஆயிற்று. பூசணிக்காயை மட்டும் நடுரோட்டில் உடைக்காமல் ஓரமாக உடைத்தால், பின்னால் வரும் பைக்காரரின் டயருக்கும் புண்ணியம்.

அரசும் இதில் கைகொடுக்கலாம். ஆயுத பூஜை வாரத்தில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்கள், பெட்ரோல் பங்க்குகள், இந்த மாவட்டத்தின் டயர் கம்பெனிகள் மூன்றும் சேர்ந்து காந்தி சாலை பார்க்கிங்கிலும் சுங்கச்சாவடிகளிலும் இலவச டயர் சோதனை முகாம் நடத்தலாம். காற்று இலவசமாகத் தருவது பங்க்குகளின் கடமை. அந்த மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று பார்ப்பது அதிகாரிகளின் கடமை. ஓட்டுநர் உரிமத் தேர்வில் எட்டு போடச் சொல்வதோடு, கதவுத் தூணில் இருக்கும் ஸ்டிக்கரைப் படிக்கவும் ஒரு கேள்வி கேட்கலாம்.

*உண்மையான சீசன் டிப்ஸ்*

இதைத் தாராளமாக ஃபார்வர்ட் செய்யலாம்:

- மாதம் ஒருமுறை, கார் குறைந்தது 3 மணி நேரம் நின்ற பிறகு, காலையில் காற்று பாருங்கள். சொந்தமாக ஒரு மீட்டர் வாங்கச் சில நூறு ரூபாய் போதும்.

- கோடையோ மழையோ, ஸ்டிக்கரில் இருக்கும் அளவே அளவு. முழுச் சுமையோடு போனால் முழுச் சுமைக்கான எண்.

- சூடான டயரில் அழுத்தம் கூடுதலாகக் காட்டினால் இறக்காதீர்கள். மறுநாள் காலை பாருங்கள்.

- பக்கச் சுவரில் நாலு இலக்க எண் இருக்கும். 2321 என்றால் 2021-ம் ஆண்டு 23-வது வாரத்தில் செய்த டயர். ஐந்து வருஷம் தாண்டினால் ஆண்டுதோறும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பட்டன் இருந்தாலும் ரப்பர் கிழடாகும்.

- பக்கச் சுவரில் வீக்கம், வெடிப்பு தெரிந்தால் 'அடுத்த மாசம் பார்த்துக்கலாம்' வேண்டாம்.

- ஸ்டெப்னியையும் பாருங்கள். தேவைப்படும் நாளில்தான் அதிலும் காற்றில்லை என்று பலருக்குத் தெரியவருகிறது.

- நல்லெண்ணெய் உங்கள் தலைக்கு மட்டும். எண்ணெய் பட்டால் ரப்பர் கெடும்.

இத்தனைக்கும் ஆகும் நேரம் பத்து நிமிடம். முகூர்த்தப் புடவைக்கு மூணு மணி நேரம் செலவழிக்கிற குடும்பத்துக்கு இது பெரிய விஷயமில்லை. முந்தானையை விரித்து, வெளிச்சத்தில் பிடித்து, இழை இழையாகப் பார்த்து வாங்குகிறோம். அந்தப் புடவையோடு எல்லோரும் பத்திரமாக வீடு போய்ச் சேருவது, தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் நாலு உள்ளங்கை அகல ரப்பரை நம்பித்தான். கிளம்பும் முன் அதையும் ஒருமுறை குனிந்து பார்த்துவிடுங்கள்.